கல்லூரியில் தொல்லையும் பாகுபாடும்: புகார்க் குழுவை வேலை செய்ய வைப்பது எப்படி

பெரும்பாலான கல்லூரிகளில் முதல்வர் அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்கும். ‘உள்ளகப் புகார்க் குழு’ (ஐ.சி.சி.) என்று தலைப்பு, கீழே எட்டு ஒன்பது பெயர்கள். நின்று படித்தால், ஒருவர் போன வருடமே ஓய்வு பெற்றிருப்பார். இன்னொருவர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். கொடுத்திருக்கும் எண்ணுக்கு அடித்தால் ‘உபயோகத்தில் இல்லை’ என்று வரும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் மட்டும் பலகைக்குப் புதுப் பெயின்ட் கிடைக்கும்.

தொல்லை கொடுப்பவர் முதலில் கணக்குப் போடுவது இதைத்தான்: இங்கே சொன்னால் யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் அவருக்குக் கை நீளும். ஆகவே தடுப்பு என்பது கருத்தரங்கம் நடத்துவதற்கு முன்பே, அந்தப் பலகையில் தொடங்குகிறது. ஜூன் மாதம், வகுப்பு திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதை முதலில் பார்ப்போம்.

பலகை எங்கே, அதில் என்ன

முதல்வர் அறை வாசல் இதற்கு மோசமான இடம். அங்கே நின்று ஒரு மாணவி எண்ணைக் குறித்தால் அட்டெண்டர் முதல் அலுவலகக் கண்காணிப்பாளர் வரை பத்துப் பேர் பார்ப்பார்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம், ஹாஸ்டல் மெஸ், கல்லூரிப் பேருந்தின் இருக்கை முதுகு, அடையாள அட்டையின் பின்புறம்: தனியாக நின்று படிக்கக் கூடிய இடங்களில் ஒட்டுங்கள். மாணவர் கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள்.

அதில் நான்கு விவரம் போதும். குழுத் தலைவரின் பெயரும் எண்ணும், வெளி உறுப்பினரின் பெயரும் எண்ணும், ஒரு மின்னஞ்சல், பாலியல் துன்புறுத்தலுக்கு என்ன தண்டனை என்ற இரண்டு வரி. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை விவரத்தையும் குழு அமைத்த ஆணையையும் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

மின்னஞ்சலில் ஒரு சங்கதி உண்டு. கல்லூரி டொமைனில் உருவாக்கிய முகவரியின் பாஸ்வேர்டு பெரும்பாலும் கணினிப் பிரிவு ஊழியரிடம் இருக்கும். அதை மீட்கும் எண் அலுவலகத்தில் யாருடையதாகவோ இருக்கும். தலைவர், இன்னொரு உறுப்பினர் என இரண்டு பேர் மட்டும் திறக்கும்படி மாற்றுங்கள். மீட்பு எண்ணும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

குழுவில் யார் இருக்கலாம், யார் கூடாது

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 ஒழுங்குமுறை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தலைவர் மூத்த பெண் ஆசிரியர். கல்லூரியில் இணைப் பேராசிரியருக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது, பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலை வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியர் அல்லாத பணியாளர் இருவர், தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்தப் பிரச்சினைகளில் பழக்கம் உள்ளவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர். விவகாரத்தில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்களில் இருந்து ஆளுக்கொருவராக மூன்று பேர், அதுவும் தேர்தல் மூலம். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக் காலம் 3 ஆண்டு.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். முதல்வரையே தலைவராகப் போட்டுவிடுவார்கள், அல்லது துறைத்தலைவர் நால்வரைச் சேர்ப்பார்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்பது விதி. இதை மீறி அமைத்த குழு மூன்று மாதம் உட்கார்ந்து நியாயமான தீர்ப்பே சொன்னாலும், எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய் ‘குழு அமைத்ததே செல்லாது’ என்று அடித்துவிட முடியும். புகார் கொடுத்த பெண் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சின்னக் கல்லூரிகளில் மூத்த பெண் ஆசிரியர் எல்லாருமே துறைத்தலைவராக இருப்பதுண்டு. அப்போது அதே நிர்வாகத்தின் வேறு பிரிவிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ தலைவரைக் கொண்டுவர விதியிலேயே வழி இருக்கிறது.

மாணவர் பிரதிநிதிகளை முதல்வர் கைகாட்டி எடுப்பது இன்னொரு தவறு. கைகாட்டப்பட்ட மாணவியிடம் சக மாணவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

வெளி உறுப்பினருக்கு விசாரணை நாள் ஒன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் என்கிறது மத்திய அரசின் விதி. அந்த 200 ரூபாய்க்கு நீதிமன்ற வேலையை விட்டுவிட்டு எந்த வழக்கறிஞரும் வரப் போவதில்லை. கூடக் கொடுக்கத் தடை ஏதும் இல்லை, கொடுங்கள். தாளாளரின் உறவினர் நடத்தும் அறக்கட்டளையிலிருந்து ‘வெளியாள்’ கொண்டுவருவதைவிட அது மலிவு.

மூன்று வருடம் முடிந்ததும் எல்லாரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்ற விதி இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்தால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் எப்போதும் இருப்பார்.

தொல்லை எங்கே முளைக்கிறது

வளாகம் என்றால் மதில்சுவருக்குள் மட்டும் அல்ல. பேருந்து, ஹாஸ்டல், இன்டர்ன்ஷிப், தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகும் ஐ.வி., களப்பணி, முகாம், விளையாட்டுப் போட்டி, கல்ச்சுரல்ஸ் எல்லாமே விதிப்படி வளாகம்தான். ஒரு காகிதத்தில் கல்லூரி வரைபடத்தை வரைந்து, ‘ஒருவருக்கு மற்றவர் மீது அதிகாரம் உண்டு, சுற்றி ஆள் இல்லை’ என்ற இரண்டும் சேரும் இடங்களில் மட்டும் சிவப்புப் புள்ளி வையுங்கள். மரத்தடி, கேன்டீன் பக்கம் எல்லாம் புள்ளி குறைவாகத்தான் விழும். ஆய்வு வழிகாட்டியான கைடின் அறை, வேலை நேரம் கடந்த ஆய்வகம், வைவா, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் வரிசையின் கடைசி, விளையாட்டுப் பயிற்சியாளரின் அறை, ஐ.வி. போன ஊரின் லாட்ஜ்: இங்கெல்லாம் குவியும்.

காரணம் மதிப்பெண். பல கலை அறிவியல் கல்லூரிகளில் 100-க்கு 25 இன்டர்னல். அந்த 25-ஐப் போடுபவரின் பேனாவுக்கும் மாணவியின் வாய்க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆய்வு மாணவிக்கு இன்னும் மோசம். கைடு கையெழுத்து இல்லாமல் உதவித்தொகைகூட வராது. இதை அறுப்பதற்குச் சில ஏற்பாடுகள் போதும். வைவாவில் எப்போதும் இரண்டு தேர்வாளர், அல்லது அடுத்த மாணவர் அதே அறையில். ஆசிரியர் அறைக் கதவுகளில் கண்ணாடி. இன்டர்னல் மதிப்பெண்ணை மாணவர் பார்த்து ஆட்சேபிக்க ஏழு நாள், அந்த ஆட்சேபம் போட்டவரிடமே போகாமல் துறைக்கு வெளியே இன்னொருவரிடம் போகும்படி. கைடை மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தில் பழைய கைடின் கையெழுத்தும் சம்மதமும் தேவையில்லை என்ற எழுத்துபூர்வ விதி. கடைசியாகச் சொன்னது பல இடங்களில் இல்லை. இருந்திருந்தால் பாதிப் புகார் புகாராகவே ஆகியிருக்காது என்பது எங்கள் கணிப்பு.

ஐ.வி.க்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் கிளம்புமுன், போகும் நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘எங்கள் மாணவர்களுக்கு ஏற்படும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை எங்கள் குழு ஏற்கும், உங்கள் குழுத் தலைவரின் பெயரையும் எண்ணையும் தெரிவிக்கவும்.’ பதில் வராத நிறுவனத்துக்கு மாணவியைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே எதிர்த்திசையில் போகும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். சம்பவம் ஏதாவது நடந்தால் நிர்வாகம் முதலில் போடும் உத்தரவு ‘மாணவிகள் ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் இருக்கக் கூடாது’ என்பதுதான். தப்பு செய்தவருக்கு ஒன்றும் ஆகாது, நூலகம் மட்டும் மாணவிகளுக்கு மூடிவிடும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டை மாணவியர் விடுதிக்குப் போடக் கூடாது என்று யு.ஜி.சி. விதியே சொல்கிறது. விளக்குப் போடுங்கள், கடைசிப் பேருந்தைத் தள்ளிவையுங்கள், இரவுக் காவலில் பெண்களை நியமியுங்கள்.

முதலில் கேட்பவர் செய்ய வேண்டியது

பாதிக்கப்பட்டவர் நேராகக் குழுவிடம் வருவது அபூர்வம். தோழியிடம், வகுப்பு ஆலோசகரிடம், ஹாஸ்டலில் பாத்திரம் கழுவும் அக்காவிடம் சொல்வார். ஆகவே பயிற்சியை குழுவுக்கு மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான். வார்டன், டிரைவர், ஆய்வக உதவியாளர், காவலர், மெஸ் ஊழியர் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு மணி நேரம், தமிழில், இந்த ஒரே விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்: கேட்டதும் என்ன சொல்வது.

‘நீ ஏம்மா அங்க தனியாப் போன?’, ‘வீட்டுக்குத் தெரியுமா?’, ‘இன்னும் ஒரு செமஸ்டர்தானே, பொறுத்துக்கோ’. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதில் கேட்க வேண்டியவை: இப்போது பத்திரமாக இருக்கிறாயா, அந்த ஆளை இன்றைக்கோ நாளைக்கோ பார்க்க வேண்டி வருமா, என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறாய், உன் வயது என்ன. சம்பவத்தின் முழு விவரத்தைத் தோண்ட வேண்டாம். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

வயதை ஏன் கேட்கிறோம்? முதலாம் ஆண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். 18 நிரம்பாதவர் என்றால், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் வந்துவிடும். பாலியல் குற்றம் என்று தெரிந்தவர் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று 17 வயது மாணவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் மீறுவதைவிட, பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. குழந்தைகள் உதவி எண் 1098-இல் வழி கேட்கலாம்.

உடல்ரீதியான வன்முறை நடந்திருந்தால் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் முன் மருத்துவமனை. போட்டிருந்த உடையைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மாதிரி கெட்டுவிடும். மருத்துவச் சான்றுகளை 96 மணி நேரம் வரை எடுக்கிறார்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் இலவசமாகச் சிகிச்சை தரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. எந்தக் காவல் நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். எல்லை தங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 இரண்டும் எந்நேரமும் எடுக்கப்படும் எண்கள்.

புகாரை எழுதுவது

‘சார் ரொம்ப மோசமாக நடந்துகொள்கிறார், நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு ‘கண்டித்ததைத்தான் மோசம் என்கிறாரா?’ என்று ஒரே வரியில் தப்பிவிடும். இதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

‘பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் சுமார் 3.40 மணி. இரண்டாம் வேதியியல் ஆய்வகம், ஜன்னல் ஓர மேசை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். என் முறை கடைசி. நோட்டை வாங்கும்போது என் கையைப் பிடித்து விடாமல், “சாயங்காலம் போன் பண்ணு, இன்டர்னல் பத்தி பேசலாம்” என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். நோட்டில் அன்று கையெழுத்துப் போடவில்லை. தேதி இல்லாத அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். கதவருகே இருந்த ஆய்வக உதவியாளர் நான் வெளியே ஓடியதைப் பார்த்தார்.’

நாள், நேரம், இடம், செய்தது, சொன்னது, அதன் பிறகு நடந்தது, பார்த்தவர். சொன்ன வார்த்தை ஆபாசமாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். ‘தகாத வார்த்தை’ என்று மூடினால் விசாரணையில் அதற்கு எடை இல்லை. நினைவில் இல்லாததை ‘சுமார்’ என்றோ ‘நினைவில்லை’ என்றோ எழுதலாம். ஊகித்து எழுதிய ஒரு நேரம் பொய்யானால் உண்மையான மற்ற பத்து வரியையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

ஆறு பிரதி, துணை ஆவணங்களும் சாட்சிகளின் பெயர் முகவரியும் சேர்த்து. தன் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகரக் கூடாது. விசாரணையை முடிக்க வேண்டிய 90 நாள் கணக்குக்கு அந்தத் தேதிதான் சாட்சி. எழுத முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை, சலுகை அல்ல. உடல்நிலையோ மனநிலையோ இடம் கொடுக்காவிட்டால் தோழி, உறவினர், உளவியல் ஆலோசகர் அவருக்காகப் புகார் கொடுக்கலாம்.

காலக்கெடு மூன்று மாதம். தொடர் சம்பவமென்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து. தாமதத்துக்கு நியாயம் இருந்தால், காரணத்தை எழுதிவைத்து இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அதற்கு மேல் இல்லை. கொல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழக ஆசிரியை கொடுத்த புகார் காலம் கடந்துவிட்டதால் நிற்காமல் போனதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் தேதியைப் பதிவு செய்யுங்கள், விவரத்தைப் பிறகு சேர்க்கலாம். தொல்லை கொடுத்தவர் கல்லூரித் தலைமையே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

வாட்ஸ்அப் சான்றில் பலர் சறுக்குகிறார்கள். அருவருப்பில் சாட்டை அழித்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வைத்திருப்பார்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் பெயர் மட்டும் தெரியும், எண் தெரியாது. சாட்டை அப்படியே விட்டுவையுங்கள், எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள், முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தானாக மறையும் செய்தியை இன்னொரு போனால் படம் பிடியுங்கள். அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். வழக்கு நீதிமன்றம் போனால் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலக் கருவி தேவைப்படும். அந்தரங்கப் படத்தைப் பரப்பினாலோ பரப்புவதாக மிரட்டினாலோ சைபர் குற்ற உதவி எண் 1930.

கேமரா பதிவுக்கு இன்னும் அவசரம். பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். கருவி நிறைந்ததும் பழையதன்மேல் தானே எழுதும். ஓரிடத்தில் 15 நாள் இருக்கும், இன்னோரிடத்தில் 30. புகார் வந்த அன்றே குழு எழுத்தில் கேட்டு, சம்பவ நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு பென்டிரைவில் எடுத்து, உறையிலிட்டுக் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்றால் பதிவு இருக்காது.

தொண்ணூறு நாள்

புகாரின் பிரதி 7 நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு. அவர் 10 நாளுக்குள் பதில். 90 நாளுக்குள் விசாரணை முடிவு. அடுத்த 10 நாளில் அறிக்கை. நிர்வாகம் 30 நாளுக்குள் நடவடிக்கை. மேல்முறையீட்டுக்கு 30 நாள். இந்தத் தேதிகளைக் காலண்டரில் முதல் நாளே குறித்துவிடுங்கள்.

ஆனால் முதல் வாரத்தில் முக்கியம் இடைக்கால ஏற்பாடு. எதிர்த்தரப்பு ஆசிரியர் அந்த மாணவியின் தாளைத் திருத்தவோ, செய்முறைத் தேர்வு வைக்கவோ, வருகைப் பதிவு போடவோ கூடாது. மாணவி எழுத்தில் கேட்டால் குழு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு இப்படி ஒரு கடிதம் அனுப்பலாம்: ‘பதிவெண் இன்னது. இந்த மாணவரின் இந்தப் பருவ இன்டர்னல், செய்முறை மதிப்பீடு அனைத்தையும் இன்ன ஆசிரியருக்குப் பதில் வேறொருவருக்கு மாற்றவும். நிர்வாகக் காரணம்.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். தேவையானால் மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். பிரிவையோ ஹாஸ்டலையோ மாற்ற வேண்டி வந்தால் முதலில் எதிர்த்தரப்பை மாற்றப் பாருங்கள். புகார் கொடுத்தவளை வேறு பிரிவுக்குத் தள்ளினால், அடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

விசாரணைக்கு வரும் மணிநேரங்களில் மாணவிக்கு வருகை குறையும். 75 சதவீதக் கணக்கில் அது இடிக்கும். பொதுவான பெயரில் ஓ.டி. (வராத நேரத்தையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’) கொடுங்கள், ‘ஐ.சி.சி. விசாரணைக்காக’ என்று எழுதிய ஓ.டி. சீட்டு வகுப்பில் வாசிக்கப்பட்டால் ரகசியம் அன்றோடு போயிற்று.

ரகசியத்தில் அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அவர் அடையாளம் தெரியும் எஃப்.ஐ.ஆர். கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. கல்லூரி அளவில் கசிவு பெரும்பாலும் கோப்பின் மேலட்டையில் பெயரை எழுதுவதிலும், விசாரணைத் தேதியை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதிலும் நடக்கிறது. கோப்புக்கு எண் மட்டும் போதும். விசாரணை அறை முதல்வர் அலுவலகத்தை ஒட்டி இருக்க வேண்டாம். இரு தரப்பையும் வெவ்வேறு நேரத்துக்கு அழையுங்கள்; வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

விசாரணையில் தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். வழக்கறிஞரை அழைத்துவர இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. எதிர்த்தரப்பு கேட்க விரும்பும் கேள்விகளை எழுதி வாங்கி, குழு கேட்கலாம். உடை, பழைய காதல், ‘உங்களுக்குள் நல்ல பழக்கம்தானே’ ஆகியவை வந்தால் அந்தக் கேள்விகளைத் தலைவர் நீக்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாள் வாக்குமூலத்திலும் பக்கம் பக்கமாகக் கையெழுத்து.

பெண்ணுக்கு இரக்கப்பட்டு எதிர்த்தரப்பைச் சரியாகக் கேட்காமல் விடுவதும் அவளுக்கே பாதகமாகும். கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மீதான விசாரணையில் குழு 39 நாளில் 18 கூட்டம் நடத்தி அவசரமாக முடித்தது. தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்து விசாரணையைத் திருப்பி அனுப்பியது. புகார்கள் 2009-ஐச் சேர்ந்தவை. பதினான்கு வருடம்! ஆகவே ஆவணப் பிரதி, பதிலுக்கு நேரம், சாட்சியை மறுக்க வாய்ப்பு மூன்றையும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிவிடுங்கள்.

தீர்மானிக்கும் அளவுகோல் ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ அல்ல. அது குற்றவியல் நீதிமன்றத்துக்கு. இங்கே எந்தத் தரப்புக் கூற்று நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். நிரூபிக்க முடியாத புகார் பொய்ப் புகாரும் அல்ல. வேண்டுமென்றே கெட்ட நோக்கத்தில் கொடுத்தது என்று தனியே நிறுவினால்தான் அப்படி எழுதலாம். சமரசம் என்பது புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டுமே, பணம் கைமாறாமல். முதல்வர் அறையில் இருவரையும் உட்கார வைத்து ‘ஸாரி சொல்லிட்டார், விட்டுடும்மா’ என்பதற்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. குழு விசாரிக்கிறது என்பதற்காகக் காவல் துறைக்குப் போவதைத் தடுக்கவும் முடியாது. போக விரும்பினால் கூடவே போய் உதவ வேண்டும்.

2013 சட்டத்தில் புகார்தாரர் பெண். ஆனால் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் இதற்கு ஆளாகக் கூடியவர்கள் என்று யு.ஜி.சி. விதி ஏற்றுக்கொள்கிறது. ‘பையன்தானே’ என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

சாதி, ராகிங், இன்ன பிற

பாலியல் தொல்லைக்கு ஒரு வாசல் இருப்பதுபோல் சாதிப் பாகுபாட்டுக்கு வேறு வாசல்: 2012 யு.ஜி.சி. விதிகளின்படி சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் இவர் யார் என்று அவருக்கே தெரியாது.

கல்லூரியில் சாதி திட்டுவதாக மட்டும் வருவதில்லை. அட்டெண்டர் வகுப்புக்குள் வந்து, ‘எஸ்.சி. எஸ்.டி. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்காதவங்க எழுந்திருங்க’ என்கிறார். அறுபது பேருக்கு நடுவே எட்டுப் பேர் எழுந்து நிற்கிறார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அன்று மதியம் சாப்பாட்டு மேசைகள் மாறுகின்றன. இதைத் தடுக்கக் காசு செலவில்லை: பதிவெண் வாரியாகத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள், படிவத்தை அலுவலகத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஹாஸ்டல் அறையைக் குலுக்கலில் ஒதுக்குங்கள். ‘அவங்களே சேர்ந்துக்கட்டும்’ என்றால் தெரு வாரியாகத்தான் சேருவார்கள். ஆய்வகக் குழுவும் பெயர் வரிசைப்படி. சேர்க்கைக்கான கட் ஆஃப் மதிப்பெண் எவ்வளவு என்று ஆசிரியர் வகுப்பில் கேட்கக் கூடாது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த ஒருநபர் குழு, பள்ளிகளில் சாதி நிறக் கயிறுகளைத் தடை செய்ய 2024-இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றோடு பள்ளி முடித்தவர்கள்தான் முதலாம் ஆண்டில் சேருகிறார்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைப் பிறர் அறியச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். கல்லூரி ‘உள்ளுக்குள் பேசி முடிப்போம்’ என்று கோப்பை வைத்துக்கொள்ளும் விஷயம் அல்ல.

இதையே சீனியர்கள் செய்தால் அது ராகிங்கும்கூட. சாதி, நிறம், மொழி, ஊர், பாலினம், வசதி இவற்றை வைத்துச் செய்யும் கேலியை 2016 திருத்தம் ராகிங்கில் சேர்த்துவிட்டது. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு தமிழ்நாடு 1997-இல் தனிச் சட்டமே போட்டது: இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அகில இந்திய உதவி எண் 1800-180-5522. ராகிங் குற்றமென்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல்வர் எஃப்.ஐ.ஆருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். யு.ஜி.சி. சொல்லும் ஆறு புதியவர்களுக்கு ஒரு சீனியர் வழிகாட்டி என்ற ஏற்பாட்டைப் பெயருக்குச் செய்யாமல், வழிகாட்டியை அதே ஹாஸ்டல் மாடியில் குடிவைத்தால் பயன் தரும். ராகிங் தடுப்புப் படை பகலில் சுற்றுவதில் அர்த்தமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போக வேண்டும்.

மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேர்வை எழுதித் தரும் ஆளும், தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் கெஞ்சிக் கேட்டு வாங்கும் நிலையில் வைக்காதீர்கள். பருவத் தொடக்கத்திலேயே பட்டியல் எடுத்துவிடுங்கள்.

கோப்பை மூடிய பிறகு

ஆண்டறிக்கையில் ‘பெறப்பட்ட புகார்கள்: இல்லை’ என்ற வரியை நிர்வாகங்கள் பெருமையாகப் படிக்கும். மூவாயிரம் பேர் படிக்கும் இடத்தில் மூன்று வருடம் தொடர்ந்து இல்லை என்றால், யாரும் வரவில்லை என்றுதான் பொருள். ஒரு மாணவியின் போனிலிருந்து குழுவின் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். எத்தனை மணி அடித்து எடுக்கிறார்கள், எடுத்ததும் முதல் வாக்கியம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் வந்து, விசாரித்து, தண்டனையும் கொடுத்தாயிற்று என்று வையுங்கள். பழிவாங்கல் இதற்குப் பிறகுதான் வரும். அந்த ஆசிரியரின் நண்பர் வேறு தாளில் மதிப்பெண்ணைக் குறைப்பார்; வருகைச் சதவீதம் திடீரென 74 ஆகும்; கல்ச்சுரல்ஸ் குழுவிலிருந்து பெயர் உதிரும். ஆகவே குழுவில் ஒருவர் பொறுப்பெடுத்து, தேதி குறித்துப் பார்க்க வேண்டும்: முடிவு வந்த 30-ஆம் நாள், இன்டர்னல் மதிப்பெண் ஒட்டும் நாள், ஹால் டிக்கெட் வரும் நாள், வளாக நேர்காணலுக்குப் பெயர் அனுப்பும் நாள், கடைசியாக டி.சி.யும் நன்னடத்தைச் சான்றிதழும் வாங்கும் நாள். அந்தச் சான்றிதழில் ‘நன்று’ என்ற இடத்தில் ‘திருப்தி’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோப்பை அலமாரிக்கு அனுப்ப வேண்டும்.